ஒரு தலை கூடுதல்

மார்ச் 3

அண்ணா,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தை என்ன செய்வாய்? கிழித்துப் போடுவதற்காகவாவது பிரித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்ததுதான் உன் கோபம் என்று அம்மா சொல்கிறாள். நீ விட்டுவிட்டுப் போன பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. நான் படித்ததும் இந்தப் பாதுகாப்புப் படிப்புதான். எத்தனையோ கட்டடம் எழும்புகிறது, அங்கே மட்டும் போகாதே என்றாய். ஏன் என்று கேட்டதற்குத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய். காரணம் சொல்லாமல் தடுத்தால் நான் எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறேன்?

சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு சீப்பு, பாதி சோப்பு, காலாவதியான களிம்பு. தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று ஸ்டோர் ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஈரக் கோணிகள் காய்ந்தன. சைரனுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. முதல் முறை அழுத்தியபோது சத்தத்துக்கு முன்னால் குளவிதான் வந்தது. எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும் என்று நீதான் வாய் வலிக்கச் சொல்வாய்.

நேற்று முதல் ஒத்திகை வைத்தேன். உள்ளே போகிறவர்கள் வாசல் பலகையில் ஆளுக்கொரு டோக்கனை மாட்டிவிட்டுப் போவது நீ கொண்டுவந்த பழக்கம், அது அப்படியே இருக்கிறது. பலகையில் நூற்றுப் பதினெட்டு டோக்கன். சைரன் அடித்து ஒன்பது நிமிடத்தில் எல்லோரும் சிமென்ட் கொட்டகைக்குப் பக்கத்துக் காலி இடத்துக்கு, அதாவது கூடுமிடத்துக்கு, வந்துவிட்டார்கள். பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்து எண்ணினேன். என்னை விட்டுவிட்டுத்தான் எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.

ஃபோர்மேன் சிரித்தார். "விரல் பத்தலேன்னா சொல்லுங்க மேடம், எங்க விரலைத் தர்றோம்" என்றார். நீங்களே எண்ணுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டேன். அவர் எண்ணினார். அவருக்கும் நூற்றுப் பத்தொன்பது. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. பெயர் வாசித்தேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் "உள்ளேன்" என்றார்கள். பெயர் வாசிக்கப்படாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. மறுபடி எண்ணினேன், நூற்றுப் பத்தொன்பது.

உன் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் 'எண்ணிக்கை சரி' என்று உன் கையெழுத்து. பேனாவை எப்படி அழுத்தியிருக்கிறாய் என்றால், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறது. சாதாரணமாக நீ அப்படி எழுத மாட்டாயே அண்ணா.

உன் தங்கை,
வாயாடி


மார்ச் 11

வாயாடிக்கு,

பிரித்தேன். கிழிக்கவில்லை.

சாரத்தின் கீழ் வலையை வாரம் ஒருமுறை கையால் இழுத்துப் பார். கண்ணால் பார்த்தால் போதாது. ஆம்புலன்ஸ் வரும் பின்வாசல் சாவி காவல்காரரிடம் இருக்கட்டும், அலுவலக மேசையில் வேண்டாம். பின்வாசலுக்கு முன்னால் ஜல்லி கொட்டுவார்கள். தினமும் கத்தினால்தான் கொட்ட மாட்டார்கள். கத்துவதில் உனக்குச் சிரமம் இருக்காது.

தலையை எண்ணாதே. பெயரை வாசி, அதோடு விடு.

முடிந்தால் வேறு இடம் பார். அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். இங்கே ஒரு பெரிய கடை வளாகத்தில் தீயணைக்கும் சிலிண்டர்களுக்கு மருந்து நிரப்பும் வேலை. மனிதர்களை எண்ண வேண்டியதில்லை.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

கேள்விக்குப் பதில் எங்கே? நான் ஒன்று கேட்டால் நீ ஜல்லியைப் பற்றி எழுதுகிறாய்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நானும் அளந்துதான் போட்டேன். இரண்டாவது ஒத்திகைக்குப் பலகையில் நூற்று இருபத்தாறு டோக்கன். ஸ்டோரிலிருந்து சரியாக நூற்று இருபத்தாறு நட்டுகளை வாளியில் எண்ணிப் போட்டுக்கொண்டேன். கூடுமிடத்துக்கு வருகிறவர்கள் வரிசையாக என்னைத் தாண்டும்போது ஆளுக்கு ஒன்று கையில் வைத்தேன். முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன். கடைசியாக வந்தவர் கிரேன் ஓட்டுபவர். கையை நீட்டினார். வாளி காலி.

"எனக்கு?" என்றார்.

திரும்ப வாங்கினேன். நூற்று இருபத்தைந்துதான் வந்தது. எல்லோருடைய பையையும் தட்டிப் பார்த்தோம். காணாமல் போன நட்டைச் சாயங்காலம் ஃபோர்மேன் கொண்டுவந்தார். அடித்தளத்தின் இரண்டாம் நிலையில், பம்பு வைக்கும் மேடையில் இருந்ததாம். அன்று முழுவதும் அங்கே வேலை கிடையாது, கதவு பூட்டியிருந்தது. நட்டு நனைந்திருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், அடித்தளப் பள்ளம் இருக்கும் பக்கம், ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டே எல்லோரும் உட்காருகிறார்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என்று ஒரு கம்பி கட்டுபவரிடம் சொன்னேன்.

"இங்க ஆளு இருக்கு மேடம்" என்றார். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவர் சொல்வதைப் போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். யார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. பயம் என்ற சொல்லை நான் எழுதிப் பார்த்திருக்கிறாயா? உனக்கு ஏதோ தெரியும். சொல்லாவிட்டால் பஸ் ஏறி வந்து உன் கடை வாசலிலேயே கத்துவேன்.

வாயாடி


ஏப்ரல் 9

வாயாடிக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நான்காவது.

இரண்டு வருடத்துக்கு முன், நல்ல மழையில், அடித்தளம் தோண்டிய பள்ளத்தின் ஒரு பக்க மண் சரிந்தது உனக்குத் தெரியும். ஒருவர் இறந்ததும் தெரியும். பம்புக்காரர். பள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவர். 'உடனடி மரணம்' என்று அறிக்கையில் இருப்பதை நீ படித்திருப்பாய். எழுதியவன் நான்.

நடந்தது இதுதான். சைரன் அடித்தேன். பலகையில் தொண்ணூற்று நான்கு டோக்கன். கொட்டுகிற மழையில் கூடுமிடத்தில் நின்றவர்களை எண்ணினேன். தொண்ணூற்று நான்கு. பெயர் வாசிக்க நோட்டைத் திறந்தால் மை கரைந்து ஓடியது. மூடிவிட்டேன். தலைக்கணக்குத்தான் சரியாக இருக்கிறதே, பெயர் எதற்கு? தீயணைப்புக்காரர் வந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "வந்தாச்சு, கணக்கு சரி" என்றேன். பள்ளத்தில் ஆள் இல்லை, இன்னும் மண் சரியலாம், யாரும் இறங்க வேண்டாம் என்று அவர்கள் கயிறு கட்டிவிட்டு நின்றார்கள்.

கலவை லாரி ஓட்டுநர் ஒருவர் அப்போதுதான் லாரியை வாசலில் நிறுத்தியிருந்தார். வெளியாள், டோக்கன் கிடையாது. சைரன் அடித்தால் யாராக இருந்தாலும் கூடுமிடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவருக்கு நானே பாடம் எடுத்திருந்தேன். சொன்னபடி ஓடி வந்து வரிசையில் நின்றார். என் தொண்ணூற்று நான்காவது ஆள் அவர்தான்.

மறுநாள் காலையில் பம்புக்காரரை எடுத்தோம். மேடை மேல் ஏறி, சுவரில் சாய்ந்தபடி இருந்தார். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாலு மணி நேரமாவது உயிரோட இருந்திருப்பார் தம்பி" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பம்புக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு வந்தபோது, "வலியே தெரிஞ்சிருக்காதும்மா, உடனே போயிட்டாரு" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் அங்கே இருந்தேன். பன்னிரண்டு ஒத்திகை. பன்னிரண்டிலும் ஒரு தலை கூடுதல். சரி என்று எழுதினேன். பதிமூன்றாவதற்குத் தேதி குறித்துவிட்டு வேலையை விட்டேன்.

வீட்டில் எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தது நீ. அந்தப் பெயரைச் சொல்லி இனி கூப்பிடாதே.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

படித்துவிட்டுக் கன்டெய்னர் அலுவலகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது, எது எந்த வரியில் வரும் என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்.

மழையில் எண்ணித் தவறியதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். நானாக இருந்தாலும் அந்த நோட்டை மூடியிருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நீ மறைத்தாய். அது பன்னிரண்டு முறை வெளியே வந்து உட்கார்ந்தது, நீ பன்னிரண்டு முறையும் மூடினாய். அவர் வீட்டுக்குப் போ. நடந்ததைச் சொல். பம்புக்காரர் இங்கே வந்து உட்காருவது உன்னைப் பயமுறுத்த என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான் அவர் குறை.

இங்கே முறையை மாற்றிவிட்டேன். வெளியாட்களுக்குச் சிவப்பு டோக்கன். நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. டோக்கன், தலை, பெயர் மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கு முடியும். பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன்' சொல்லாதவர் இரண்டு நாள் உள்ளே வரக் கூடாது என்றும் ஒரு விதி போட்டேன். ஃபோர்மேன் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

மூன்றாவது ஒத்திகை புது முறைப்படி நேற்று முடிந்தது. டோக்கன் நூற்று இருபத்திரண்டு, பெயர் நூற்று இருபத்திரண்டு, தலை நூற்று இருபத்து மூன்று. நான் சரி என்று எழுதவில்லை. 'ஒரு தலை கூடுதல்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்ட மேலாளர் என்ன கேட்டாலும் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் மூன்றாவது வரிசைப் பக்கம் பார்த்து, "சரி, எழுதிட்டேன்" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே.

வாயாடி


மே 2

வாயாடிக்கு,

போக முடியாது. பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட் வாங்கினேன். பஸ் கிளம்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பொய்யாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். அது அவளுக்கு ஆறுதலா எனக்கா என்று நீ கேட்பாய். கேட்காதே.

அந்த இரண்டு நாள் விதியை மட்டும் மறுபடி யோசி. பயத்தில் சொல்கிற "உள்ளேன்" எனக்குப் பிடிக்காது.

அண்ணன்


ஜூன் 6

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா பேப்பரில் பார்த்துவிட்டு உனக்குச் சொல்லியிருப்பாள். எனக்கு ஒன்றும் இல்லை, தொண்டை மட்டும் கரகரக்கிறது.

முந்தாநாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு, நான்காவது மாடியில் கம்பி வெட்டிய பொறி தெர்மாகோல் அட்டைகளில் விழுந்தது. கரும்புகை. இது ஒத்திகை இல்லை என்று தெரிந்ததும் பொத்தானுக்கு ஓடினேன், சைரன் முதல் அழுத்திலேயே அடித்தது. எட்டு நிமிடத்தில் எல்லோரும் கூடுமிடத்தில். பின்வாசல் திறந்திருந்தது, ஜல்லி இல்லை. நீ எழுதியது எல்லாம் நடந்தது.

டோக்கன் நூற்று முப்பத்தொன்று. பெயர் வாசித்தேன், நூற்று முப்பத்தொரு "உள்ளேன்". தலை எண்ணினேன். நூற்று முப்பத்தொன்று.

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டு, "அப்பாடா, மூணும் சரியா இருக்கு மேடம், ஒரு உசுரும் போகலை" என்றார். தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர் என்னிடம் வந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

உன்னிடம் கேட்ட அதே கேள்வி. வந்தாச்சு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் அண்ணா. அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இருக்கிறார். அவர் இருந்தால் ஒன்று கூடுதலாக வர வேண்டும். சரியாக வருகிறது என்றால், உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவர் இங்கே இல்லை.

"ஒருத்தர் உள்ள இருக்கார்" என்றேன்.

"என்ன மேடம், இப்பதானே எண்ணினீங்க?" என்று ஃபோர்மேன் கத்தினார். "யாருன்னு சொல்லுங்க, எந்த மாடி?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இறந்தவர் ஒருவரைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றா சொல்வேன்?

பொய் சொன்னேன். "நாலாவது மாடி. ஜன்னல்ல ஒருத்தர் கைய ஆட்டினாரு, என் கண்ணால பார்த்தேன்" என்றேன். அந்தப் புகைக்குள் இரண்டு பேரை நான் அனுப்பினேன். அவர்கள் திரும்பி வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் உள்ளே போன ஏழு நிமிடமும் நான் மறுபடி மறுபடி எண்ணினேன். நூற்று முப்பத்தொன்று. ஒவ்வொரு முறையும்.

நான்காவது மாடிக் குளியலறையில் பெயின்டர் ஒருவர் கிடந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஈரத் தரையில் சுருண்டு தூங்கியவர், புகையில் மயங்கிவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. இன்று காலை கஞ்சி குடித்தாராம்.

அவர் பெயருக்கு "உள்ளேன்" சொன்னது அவருடைய கூட்டாளி. "மருந்து வாங்க வெளிய போயிருக்கான்னு நெனச்சேன் மேடம். பேரு சொல்லலேன்னா ரெண்டு நாள் உள்ள விட மாட்டீங்களே" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதார். நீ யோசி என்றாய். நான் யோசிக்கவில்லை. என் விதி ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தது. உன்னைப் பார்த்துக் கோபப்பட எனக்கு இனி என்ன தகுதி?

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனதும் இன்னொரு முறை எண்ணினேன். நூற்று முப்பது. மூன்றாவது வரிசையில் கம்பி கட்டுபவர் நகர்ந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "எழுந்து போயிட்டாரு மேடம்."

எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதன் விலாசம் உன்னிடம்தான் இருக்கிறது.

வாயாடி


ஜூன் 30

வாயாடிக்கு,

போய்விட்டு வந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். முதலில் உங்கள் நிறுவனத்துக்கும் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்துக்கும் பழைய அறிக்கையைத் திருத்தி எழுதி, என் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். பிறகு பஸ் ஏறினேன். இந்த முறை ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தேன், இறங்கி ஓட முடியாதபடி.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. தையல் மெஷினும் ஒரு கட்டிலும். அந்த அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஓட்டுநர், நனைந்த நோட்டு, நாலு மணி நேரம், மேடை. எதையும் சுற்றி வளைக்கவில்லை.

மெஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "கூப்பிட்டிருப்பாரா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டிருப்பாரும்மா. மழை சத்தத்துல எங்களுக்குக் கேக்கலை" என்றேன்.

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழுதார். நானும் அழுதேன். "உடனே போயிட்டாருன்னு நீங்க சொன்னதை ஒரு நாளும் நம்பலை, அவர் அவ்வளவு சுலபத்துல எதையும் விடுற ஆளில்லை" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை மாதிரி ஏதோ இருந்தது.

இனி எழுதப்போவதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நான் கதவைத் தட்டியபோது திறந்தது அவர்களுடைய மகள். மூன்று வயதிருக்கும். அப்பா போனபோது கைக்குழந்தை. என்னை அண்ணாந்து பார்த்தது, பிறகு எனக்குப் பக்கத்தில் பார்த்தது. உள்ளே திரும்பி, "அம்மா, ரெண்டு மாமா வந்திருக்காங்க" என்றது. நான் தனியாகத்தான் போயிருந்தேன். குழந்தைக்கு எண்ணத் தெரியாது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடைபெற்று வெளியே வந்து செருப்பை மாட்டினேன். குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, வீட்டுக்குள் கட்டில் பக்கம் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது.

"மாமா, நீங்க மட்டும்தான் போறீங்களா?" என்று கேட்டது.

"ஆமா கண்ணு" என்றேன்.

அண்ணன்